ஐந்தாம் படிவம் முடிப்பது வேறு, எஸ்.பி.எம். சான்றிதழ் வாங்குவது வேறு

போன வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து கோயில் வாசலில் செருப்பைத் தேடிக்கொண்டிருந்தேன். “சார், ஒரு நிமிசம்” என்று பிடித்துக்கொண்டாள், என்னிடம் செஜாரா, அதாவது வரலாறு, படித்த பழைய மாணவி ஒருத்தி. கணவர் செம்பனைக் குலை ஏற்றும் லாரி ஓட்டுகிறார். பேராக் மாநிலத்துச் சுங்கை சிப்புட்டுக்கு வெளியே தோட்டத்து வீட்டில்தான் இன்னும் குடியிருப்பு. நின்றுகொண்டே பேசி முடிகிற விஷயமாக இல்லை. “வாட்சப்பில் எழுதிப் போடும்மா” என்றேன். அன்று ராத்திரியே போட்டுவிட்டாள்:

“சார், மூத்தவன் ரெண்டு வருசத்துக்கு முந்தி எஸ்.பி.எம். எழுதினான். செஜாரா மட்டும் ஜி, ஃபெயில். சர்ட்டிஃபிகேட் வரலை. இப்ப ஈப்போவுல ஒரு கடையில நிக்கிறான். ரெண்டாவது பையன் நாலாம் படிவம், மலாய் ரொம்ப வீக். இங்கிலீஷ் ஃபெயிலானா சர்ட்டிஃபிகேட் கிடையாதுன்னு ஒருத்தங்க சொல்றாங்க, மோரலும் பாஸாகணும்னு இன்னொருத்தங்க. தமிழ் எடுக்காதேன்னு வேற சொல்லிட்டாங்க. சின்னவ தமிழ்ப்பள்ளியில ஆறாம் ஆண்டு. ஒரு பிள்ளை ஸ்கூலை முடிச்சிட்டான்னு சொல்றதுக்கு என்னதான் சார் வேணும்?”

எஸ்.பி.எம். என்பது மலேசியாவில் ஐந்தாம் படிவ முடிவில், பதினேழு வயதில் எழுதுகிற அரசாங்கப் பரீட்சை. அவளுக்கு எழுதியதை இங்கே தருகிறேன். இதே கேள்வியோடு அலைகிற பெற்றோர் நம் ஊரில் அவள் ஒருத்தி மட்டும் இல்லை.

அம்மா, உன் கடைசிக் கேள்வியிலிருந்தே ஆரம்பிக்கிறேன். குழப்பம் முழுக்க அங்கேதான் இருக்கிறது. நம் நாட்டு அரசாங்கப் பள்ளியில் ‘முடித்தான்’ என்பதற்கு இரண்டு அர்த்தம். ஒன்று, ஆரம்பப் பள்ளி ஆறு வருடம், இடைநிலைப்பள்ளி ஐந்து வருடம் போய்வந்து வெளியே வருவது. அதற்குப் பரீட்சை கிடையாது. மார்க் குறைந்தது என்று யாரையும் அதே படிவத்தில் நிறுத்திவைப்பதில்லை. வருடம் திரும்பினால் பிள்ளை அடுத்த படிவத்துக்குப் போய்விடும். ஐந்தாம் படிவம் முடிந்ததும் பள்ளி ஒரு தாள் தரும். சிஜில் பெர்ஹெந்தி செக்கோலா, நம் பேச்சில் பள்ளி விடுகைச் சான்றிதழ். எந்த வருடம் சேர்ந்தான், எப்போது நின்றான், நடத்தை எப்படி, எந்தச் சங்கத்தில் இருந்தான், என்ன விளையாடினான் என்று அதில் இருக்கும். பாட நூல்களைத் திருப்பிக் கொடுக்காமல் அந்தத் தாள் பல பள்ளிகளில் கைக்கு வராது. இரவல் நூல்கள்தானே, ஒன்று தொலைந்தாலும் காசு கட்டச் சொல்வார்கள். போட்டோ பிரேமில் மாட்டுகிற தாள் இல்லை அது. ஆனால் பத்திரமாக வை, பின்னால் கேட்பார்கள்.

இரண்டாவது அர்த்தம்தான் உலகம் கேட்பது: எஸ்.பி.எம். சான்றிதழ் இருக்கிறதா? அதைக் கொடுப்பது பள்ளி இல்லை, கல்வி அமைச்சின் கீழ் இருக்கிற தேர்வு வாரியம், லெம்பாகா பெப்பரிக்சாஆன். ஹெட்மாஸ்டர் காலில் விழுந்தாலும் அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

சினிமாவில் பார்க்கிற மாதிரி கருப்பு அங்கி போட்டுத் தொப்பியை மேலே எறிகிற கிராடுவேஷன் இந்தக் கணக்கிலேயே இல்லை. நம் ஊரில் அந்த அங்கியும் தொப்பியும் ஆறு வயதில் தாடிக்காவிலேயே, அந்தப் பாலர் பள்ளியிலேயே, போட்டு முடிந்துவிடுகிறது! சில இடைநிலைப்பள்ளிகளும் இப்போது ஐந்தாம் படிவத்துக்கு நடத்துகின்றன. நல்லதுதான், பிள்ளைகளுக்குச் சந்தோஷம். ஆனால் அது நடக்கும்போது ரிசல்ட்டே வந்திருக்காது.

சரி, சான்றிதழுக்கு என்ன வேண்டும்? இரண்டே பாடம். பி.எம். என்கிற பஹாசா மலாயு (மலாய் மொழி), செஜாரா. இந்த இரண்டிலும் தேற வேண்டும். தேற வேண்டும் என்றால் குறைந்தது ‘இ’. அவ்வளவுதான்.

நம்ப மாட்டாய் என்று தெரியும், அதனால் கோணலான உதாரணம் ஒன்று சொல்கிறேன். ஒரு பிள்ளை எல்லாப் பாடத்திலும் ஏ பிளஸ் வாங்கி செஜாராவில் மட்டும் ஜி வாங்கினால் அவளுக்குச் சான்றிதழ் இல்லை. இன்னொரு பையன் பி.எம்.மிலும் செஜாராவிலும் மட்டும் தலா ஒரு ‘இ’, மற்றது எல்லாம் ஜி. அவனுக்குச் சான்றிதழ் உண்டு. அதை வைத்துக்கொண்டு அவன் எங்கே போவான் என்பது வேறு கதை, பிறகு வருகிறேன். ஆனால் விதி இதுதான். ரிசல்ட் அறிவிக்கும்போது அமைச்சு ‘லாயாக் மெண்டாப்பாட் சிஜில்’, சான்றிதழ் பெறத் தகுதியானவர்கள் இத்தனை பேர் என்று சொல்கிறதே, அது இந்தக் கணக்கு.

கட்டாயம் எழுத வேண்டியது வேறு, கட்டாயம் தேற வேண்டியது வேறு. இந்த இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்வதால்தான் உனக்கு ஆளுக்கொரு செய்தி வருகிறது. எழுதியே ஆக வேண்டிய பாடங்கள் ஆறு: பி.எம்., ஆங்கிலம், கணிதம், செஜாரா, முஸ்லிம் அல்லாதவர்களுக்கு நன்னெறி (மோரல்), அறிவியல். தனி அறிவியல் பாடங்கள் எடுக்கிற பிள்ளைகள் பொது அறிவியல் எழுத மாட்டார்கள். இந்த ஆறில் தேறியே ஆக வேண்டியது இரண்டுதான். மோரலில் ஜி வந்தாலும் சான்றிதழ் நிற்காது. கணிதத்துக்கும் அப்படியே. ஆங்கிலத்தையும் தேற வேண்டிய பாடமாக்கப் போகிறோம், 2016 முதல் நடப்புக்கு வரும் என்று அரசாங்கம் ஒரு தடவை சொன்னது, பிறகு தள்ளிப்போட்டுவிட்டது. உன்னிடம் ஆங்கிலத்தைச் சொன்னவர் அந்தப் பழைய செய்தியைத்தான் இன்னும் வைத்துக்கொண்டிருக்கிறார்.

உன் காலத்தில் இப்படி இல்லை. நீ எழுதியபோது பங்காட், மொத்தத் தேர்வுக்கும் ஒரே தரநிலை, இருந்தது. பங்காட் ஒன்று, இரண்டு, மூன்று. உனக்கு மூன்று வந்ததும் நீ ஸ்டாஃப் ரூம் வாசலில் நின்று அழுததும் எனக்கு மறக்கவில்லை. 2000-ல் அந்த முறை போய் ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனி கிரேட் மட்டும் போடும் திறந்த சான்றிதழ் வந்தது. அப்போதும் பி.எம். தேறியே ஆக வேண்டும். செஜாரா சேர்ந்தது 2013-ல் எழுதியவர்களிலிருந்து. 2012-லோ அதற்கு முன்போ எழுதியவர்களுக்கு செஜாரா ஜி ஆனாலும் சான்றிதழ் வந்திருக்கும். ‘நான்கூட செஜாரா ஃபெயில்தான், எனக்குச் சர்ட்டிஃபிகேட் இருக்கே’ என்று உன் மச்சினர் சொன்னால் அவர் பொய் சொல்லவில்லை, வருடம் வேறு. உன் பெரியண்ணன் இன்னும் முந்தின தலைமுறை. மூன்றாம் படிவத்தில் எஸ்.ஆர்.பி. என்ற பரீட்சை 1992 வரைக்கும் இருந்தது. அதில் விழுந்தால் நாலாம் படிவத்துக்குப் போக முடியாது. தோட்டத்துப் பிள்ளைகளில் எத்தனையோ பேர் பதினைந்து வயதில் பால்மரக் காட்டுக்குத் திரும்பியது அந்தக் கதவு சாத்தியதால்தான். 1993-ல் பி.எம்.ஆர். வந்தபிறகு அந்தக் கதவு இல்லை. அதுவும் போய் பி.டி.3 வந்து, அதுவும் 2022-ல் போய்விட்டது. ஆறாம் ஆண்டுப் பரீட்சையான யு.பி.எஸ்.ஆர். 2021-லேயே போனது. விளைவைப் பார்: உன் இரண்டாவது மகன் வாழ்க்கையில் எழுதப் போகிற முதல் அரசாங்கப் பரீட்சையே எஸ்.பி.எம்.தான். ‘இவன் மலாயில் வீக்’ என்று வெளியார் யாரும் உனக்குச் சீட்டுப் போட்டுச் சொல்லப்போவதில்லை. நீயே கண்டுபிடித்தாயே, அதுவே பெரிய காரியம்.

இப்போது மூத்தவன். அவனுக்கு எல்லாம் முடிந்துவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய். இரண்டு வருடத்தை வீணாக்கியதைத் தவிர வேறொன்றும் ஆகவில்லை. எஸ்.பி.எம். உலாங்கான் என்று மறுதேர்வு ஒன்று இருக்கிறது. முன்பு பி.எம்.முக்கு மட்டும் இருந்த காலத்தில் ‘ஜூலை பேப்பர்’ என்போம், பழைய ஆட்கள் இன்னும் அப்படித்தான் சொல்கிறார்கள். பிறகு செஜாராவும் கணிதமும் சேர்ந்தன. அவன் செஜாரா ஒன்றை மட்டும் எழுதினால் போதும். பி.எம்.மில் ஏற்கெனவே தேறிவிட்டான், அது அவன் கணக்கில் இருக்கிறது, யாரும் பிடுங்க முடியாது. பள்ளிக்குத் திரும்பிப் போக வேண்டாம், யூனிஃபார்ம் வேண்டாம். தனியார் தேர்வாளனாக, சாலோன் பெர்செண்டிரியான் என்று சொல்வோமே அப்படி, தேர்வு வாரியத்தின் இணையப் பக்கத்தில் பதிந்து கட்டணம் கட்ட வேண்டும். பதிவு திறந்திருக்கிற நாட்கள் கொஞ்சம்தான், அதைத் தவறவிட்டால் இன்னொரு வருடம் போய்விடும். மாவட்டக் கல்வி இலாகாவில் கேட்டாலும் தேதியைச் சொல்வார்கள். மறுதேர்வைத் தவறவிட்டாலும் வருடாந்திர எஸ்.பி.எம்.மில் அந்த ஒரு பாடத்தை மட்டும் தனியார் தேர்வாளனாக எழுதலாம்.

செஜாராவில் ‘இ’ எடுப்பது எப்படி? இருபத்தெட்டு வருடம் அதையே சொல்லிக் கொடுத்தவன், கொஞ்சம் நீட்டினால் பொறுத்துக்கொள். நாலாம் படிவ நூலில் பத்து அத்தியாயம், ஐந்தாம் படிவ நூலில் பத்து. பிள்ளைகள் விழுவது பெரும்பாலும் தேதி மறந்து இல்லை. கேள்வியின் மலாய் புரியாமல் விழுகிறார்கள். ‘ஜெலாஸ்கான்’ என்றால் விளக்கு, ‘ஞாத்தாக்கான்’ என்றால் சொன்னால் போதும், ‘ஹுராய்க்கான்’ என்றால் விரித்து எழுத வேண்டும். சொன்னால் போதும் என்ற இடத்தில் ஒரு பக்கம் எழுதி, விரிக்க வேண்டிய இடத்தில் ஒரு வரி எழுதிவிட்டு வருவார்கள். விடை தெரிந்தும் மார்க் போகும். முதல் தாள் நாற்பது கேள்வி, ஒவ்வொன்றுக்கும் நான்கு விடை, சரியானதைக் குறித்தால் போதும். உன் மகன் மாதிரி பையன் முதலில் அதைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பழைய கேள்வித்தாள்களை உட்கார்ந்து செய்தாலே எந்த இடத்தில் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள் என்று தெரிந்துவிடும்.

அவனுக்கு செஜாரா பிடிக்காததுதான் எனக்கு வருத்தம். நாலாம் படிவத்தில் அவசரகாலம், டாருராட், ஒரு முழு அத்தியாயம். அது ஆரம்பித்தது எங்கே? 1948 ஜூன் 16, இதே சுங்கை சிப்புட்டில். காலையில் எல்பில் தோட்டத்து வெள்ளைக்கார மானேஜரை அவர் ஆபீசிலேயே கம்யூனிஸ்டுகள் சுட்டார்கள். அப்புறம் பின் சூன் தோட்டத்தில் மானேஜரையும் உதவியாளரையும். மூன்று கொலை. இரண்டு நாளில் மலாயா முழுக்க அவசரகாலம், 1960 ஜூலை 31 வரைக்கும். நம் ஆட்கள் வெளிச்சம் இல்லாமல் லயத்தில் அடைந்து கிடந்த காலம் அது. உன் தாத்தாவுக்குத் தெரிந்திருக்கும். ஒரு வருடம் இந்த அத்தியாயம் நடத்தும்போது ‘எல்பில் எங்கே இருக்கிறது’ என்று கேட்டேன். தினமும் எல்பில் பேர் போட்ட பஸ்ஸில் வந்து இறங்குகிற பையன், புத்தகத்தில் இருக்கிற எல்பில் வேறு ஏதோ ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தான். சொன்னதும் அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அதற்கப்புறம் அந்த ஒரு அத்தியாயத்தில் அவனை யாரும் தோற்கடிக்க முடியவில்லை. மூத்தவனோடு அந்தப் பக்கம் மோட்டாரில் ஒரு சுற்றுப் போய்வா என்று உன் வீட்டுக்காரரிடம் சொல்லு.

இரண்டாவது பையனுக்கு வேறு சிக்கல். பி.எம். இப்போது வெறும் எழுத்துத் தாள் இல்லை. 2021-லிருந்து நான்கு பகுதி: கட்டுரை ஒரு தாள், கருத்துணர்தல், இலக்கணம், இலக்கியம் சேர்ந்து ஒரு தாள், பேச்சுத் தேர்வு, கேட்டல் தேர்வு. தோட்டத்துப் பிள்ளைகள் பேச்சில் தடுமாறுவது வெட்கத்தால். தமிழ்ப்பள்ளியில் ஆறு வருடம், வீட்டில் தமிழ், விளையாடுவது தமிழில். மலாய் பேசத் தெரியாது என்று இல்லை, தப்பாகப் பேசி யாராவது சிரித்துவிடுவார்களோ என்ற பயம்.

ஓய்வுக்குப் பிறகு வீட்டு முன்கூடத்தில் நாலைந்து பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன், தெரியும் அல்லவா. அதில் ஒருவனிடம் வாசிப்பின் நன்மை பற்றி மலாயில் பேசு என்றேன். இரண்டு வாக்கியம், பிறகு ஃபேனைப் பார்த்துக்கொண்டு நின்றான். ‘சரி, உங்கப்பா என்ன வேலை செய்கிறார், அதைச் சொல்’ என்றேன். குலை பழுத்ததா இல்லையா என்று எப்படித் தெரியும், கீழே உதிர்ந்து கிடக்கிற பழத்தை ஏன் எண்ணுகிறார்கள், காய் வெட்டிப் போட்டால் மில்லில் எப்படிக் காசு பிடிப்பார்கள், மழை பெய்தால் லாரி எங்கே சிக்கும் என்று நாலு நிமிடம் நிற்காமல் பேசினான். எல்லாம் மலாயில். அங்கங்கே தமிழ் விழுந்தது, இலக்கணம் நொண்டியது, ஆனால் பேசினான். பங்களாதேஷ் ஆட்களோடும் இந்தோனேசியக்காரர்களோடும் அப்பா பேசுவதைக் கேட்டே கற்றுக்கொண்ட மலாய் அது. பேசுகிறவனை எழுத வைக்கலாம்; வாய் திறக்காதவனைத்தான் ஒன்றும் செய்ய முடியாது. உன் பையனை வாரம் இரண்டு நாள், ஒரு பக்கம், மலாயில் எழுதச் சொல். லாரி பற்றி எழுதட்டும். அதைப் பள்ளி மலாய் டீச்சரிடமே கொண்டுபோய்த் திருத்தித் தரக் கேட்கச் சொல். மாணவன் தானாக எழுதிக்கொண்டு வந்தால் முகம் சுளிக்கிற மலாய் டீச்சரை நான் இதுவரை பார்த்ததில்லை.

‘இ’ வாங்கினால் சான்றிதழ் உண்டு என்றேன். ஆனால் அவனுக்கு இப்போதே ‘சி’ என்று இலக்கு வை. ‘இ’யும் ‘டி’யும் தேர்ச்சி மட்டும்தான், ‘சி’யிலிருந்துதான் கெப்பூஜியான், நாம் கிரெடிட் என்கிறோமே அது. அரசாங்க வேலைக்கு விண்ணப்பம் போட்டால் எஸ்.பி.எம். பி.எம்.மில் கிரெடிட் இருக்கிறதா என்றுதான் பார்ப்பார்கள். கிளார்க்காக இருந்தாலும் சரி, டிகிரி முடித்து அதிகாரியாகப் போனாலும் சரி. அரசாங்கப் பல்கலைக்கழக டிகிரிக்குள் நுழையவும் அது வேண்டும். தனியாரில் டிகிரி முடித்துவிட்டு, எஸ்.பி.எம். மலாயில் ‘டி’ என்பதற்காக முப்பது வயதில் மறுதேர்வு எழுத வந்த ஆட்களை நான் பார்த்திருக்கிறேன். தேறியவர்களும் கிரேடை உயர்த்திக்கொள்ள அதை எழுதலாம், தப்பில்லை. ஆனால் பதினேழு வயதில் ஒரே மூச்சில் முடித்துவிடுவது லேசு.

சான்றிதழை வைத்து எங்கே போகலாம் என்றால், ஆறாம் படிவம் இருக்கிறது, கோப்பெங் பக்கம் பேராக் மெட்ரிகுலேஷன் காலேஜ் இருக்கிறது, ஈப்போவில் 1969-ல் தொடங்கிய உங்கு ஓமார் பாலிடெக்னிக் இருக்கிறது, நம் சுங்கை சிப்புட்டிலேயே கோலேஜ் கொமுனிட்டி, சமூகக் கல்லூரி, இருக்கிறது. டிப்ளோமாவுக்குப் பெரும்பாலும் மூன்று கிரெடிட்டாவது கேட்பார்கள். இன்ஜினியரிங் பக்கம் போனால் கணிதம் கேட்பார்கள், நர்ஸ் படிப்புக்கு ஆங்கிலமும் பார்ப்பார்கள். ஆக, சான்றிதழுக்குத் தேவையில்லாத ஆங்கிலமும் கணிதமும் இந்த இடத்தில் வந்து வழி மறிக்கும். சான்றிதழே இல்லாதவனுக்கும் எஸ்.கே.எம். என்கிற திறன் சான்றிதழ் முதல் நிலையிலிருந்து ஏறிப் போகலாம். வெல்டிங், வயரிங், ஏர்கான் என்று கையில் தொழிலோடு வருவான். மூத்தவன் செஜாரா எழுதப் பிடிக்காது என்று அடம் பிடித்தால் அதைக் காட்டு. ஆனால் முதலில் செஜாரா எழுதட்டும்.

புறப்பாடத்தை, அந்த கொக்கோரிக்குலம், ‘சான்றிதழுக்கு வேண்டாமே’ என்று விட்டுவிடாதே. எஸ்.பி.எம். சான்றிதழுக்கு அது வேண்டாம்தான். ஆனால் அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்கு மனு போடும்போது தொண்ணூறு விழுக்காடு பரீட்சை, பத்து விழுக்காடு புறப்பாடம் என்று கணக்கு. சீருடை இயக்கம் ஒன்று, சங்கம் ஒன்று, விளையாட்டு ஒன்று. மத்தியானம் தங்கினால் தோட்டத்துக்குப் பஸ் கிடைக்காது என்று நம் பிள்ளைகள் ஓடிவந்துவிடுகின்றன. இரண்டு மூன்று வீட்டார் சேர்ந்து ஒரு வேனுக்குச் சொன்னால் ஆகாதா?

தமிழைப் பற்றி உன்னிடம் சொன்னவர் மேல் எனக்குக் கோபம் வருகிறது. சான்றிதழுக்குத் தமிழ் தேவையில்லை, உண்மை. எடுத்தால் ஒரு கெடுதலும் இல்லை என்பதும் உண்மைதான். ‘ஏதாவது மூன்று பாடத்தில் கிரெடிட்’ என்று கேட்கிற இடத்தில் தமிழும் ஒரு பாடம். மற்ற எதிலும் கிரெடிட் எடுக்கத் திணறுகிற தோட்டத்துப் பிள்ளை தமிழில் எடுத்துவிடும். தமிழ்ப்பள்ளி ஆசிரியராகப் போக நினைத்தால் எஸ்.பி.எம். தமிழ் இல்லாமல் ஒன்றும் நடக்காது. 2009-ல், இனி எஸ்.பி.எம்.மில் பத்துப் பாடம்தான் என்று அரசாங்கம் சொன்னபோது தமிழும் தமிழ் இலக்கியமும் அடிபட்டுப் போகும் என்று நம்மவர்கள் நாடு முழுக்கக் குரல் கொடுத்தார்கள், சீனர்களும் அவர்கள் பங்குக்குக் கேட்டார்கள். பிறகுதான் பன்னிரண்டு வரை எழுதலாம் என்று ஆனது. அவ்வளவு பேர் நின்று வாங்கிக் கொடுத்ததை ‘எடுக்காதே’ என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிட்டார் அந்த ஆள்.

உன் பையன் பள்ளியில் தமிழ் வகுப்பு இல்லை என்று சொன்னால், 1996 கல்விச் சட்டத்தில் இருப்பதைச் சொல்: பதினைந்து மாணவர்களின் பெற்றோர் கேட்டால் பள்ளி தமிழ் வகுப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும். பதினைந்து கையெழுத்து. ஒரு லயத்துச் சனம் போதும்.

கிரேடை விட எனக்குப் பயம் பதிவில்தான். ஐந்தாம் படிவத்தில் ஒவ்வொரு மாணவனுக்கும் பரீட்சைப் பதிவு விவரம் அச்சிட்டுக் கொடுத்துச் சரிபார்க்கச் சொல்வார்கள். பேர், ஐ.சி. (அடையாள அட்டை) எண், பாடங்கள், அவற்றின் எண். பி.எம். 1103, செஜாரா 1249, தமிழ் 6354. நான் வகுப்பாசிரியராக இருந்த ஒரு வருடம், காற்பந்துப் பயிற்சிக்கு ஓடிக்கொண்டிருந்த பையன் ஒருவன் மோட்டார் சீட்டில் தாளை வைத்து, படிக்காமல் கையெழுத்துப் போட்டு என்னிடம் நீட்டினான். நானும் படிக்காமல் வாங்கித் தாள் கட்டுக்குள் செருகினேன். இரண்டு வருடம் சனிக்கிழமை தவறாமல் தமிழ் வகுப்புக்குப் போனவன். 6354 அந்தத் தாளில் இல்லை. கண்டுபிடித்தபோது திருத்துகிற தேதி முடிந்திருந்தது. தப்பு என்னுடையது. அதற்கப்புறம் ஓய்வு பெறுகிறவரை ஒவ்வொரு தாளையும் பிள்ளையை எதிரே உட்கார வைத்து வாய்விட்டுப் படிக்கச் சொல்லித்தான் கையெழுத்து வாங்கினேன். அடுத்த வருடம் உன் பையன் தாள் வரும்போது நீயும் ஒருமுறை பார். பேரில் தகப்பன் பேர் எழுத்து ஒன்று மாறியிருந்தாலும் அப்போதே சொல். பின்னால் தேசியப் பதிவிலாகாவுக்கும் பள்ளிக்கும் நடையாய் நடக்க வேண்டி வரும்.

உன் பிள்ளைகள் மூன்று பேருக்கும் பிறப்புப் பத்திரம் இருக்கிறது என்று நம்புகிறேன். பக்கத்து வீட்டில் ஒரு பேரப் பிள்ளை ஐ.சி. இல்லாமல் இருப்பதாக முன்பு சொன்னாயே, அதை இப்போதே கிளப்பு. பன்னிரண்டு வயதில் மைகாட், அந்த ஐ.சி., எடுக்க வேண்டும். பத்திரம் இல்லாவிட்டால் அங்கேயே நின்றுவிடும். ஐந்தாம் படிவம் வந்தபிறகு ஓடினால் பரீட்சைப் பதிவு காத்திருக்காது. பெற்றோர் கல்யாணத்தைப் பதியாததால் இந்த நிலைமைக்கு வந்த பிள்ளைகள் தோட்டத்தில் ஒன்று இரண்டு இல்லை.

சின்னவளுக்கு மலாய் அடிமட்டத்தில் இருந்தால் முதலாம் படிவத்துக்கு முன் புகுமுக வகுப்பில் ஒரு வருடம் போடுவார்கள். பெராலிஹான். அதைக் கேவலம் என்று நினைக்காதே, நானே புகுமுக வகுப்பில் உட்கார்ந்தவன்தான். பதினேழில் எழுத வேண்டிய எஸ்.பி.எம்.மைப் பதினெட்டில் எழுதுவாள், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு வருடத்தில் மலாய் சேராவிட்டால் அந்த வருடம் தண்டம்.

மூத்தவனை ஞாயிற்றுக்கிழமை கடை லீவில் என் வீட்டுக்கு வரச் சொல். ஐ.சி.யும் அந்தப் பழைய ரிசல்ட் ஸ்லிப்பும் கையோடு கொண்டுவரட்டும், பதிவு எப்போது திறக்கிறது என்று இருவரும் உட்கார்ந்து பார்த்துவிடுகிறோம். ஐந்தாம் படிவ செஜாரா நூல் என்னிடம் இருக்கிறது. நாலாம் படிவ நூலை யாரோ வாங்கிக்கொண்டு போய்த் திருப்பவே இல்லை. தம்பியிடம் இருப்பதைக் கேட்டு எடுத்துக்கொண்டு வரச் சொல்.